ஓணான் ஓடும் தூரம்

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், கல்குவாரியில் காலை வேட்டுப் போட்ட தூசி அடங்குவதற்குள், சின்னக்கரட்டுப்பட்டியின் ஓணான்கள் எல்லாம் மனிதர்களுக்கு ஆளுக்கொரு தூரம் வைத்துவிட்டன. டெய்லர் மூக்கையா வந்தால் பத்தாவது அடியில் ஓடின. ரேஷன் கடை எடையாளர் வந்தால் பதினாறாவது அடியில் ஓடின. வேலியில் இருக்கிற ஓணானோ பாறையில் இருக்கிற ஓணானோ, முதுகு சிவந்த கிழட்டு ஆணோ முந்தாநாள் முட்டையை விட்டு வந்த விரல் நீளக் குஞ்சோ, மூக்கையாவுக்குப் பத்து என்றால் பத்துதான். பத்தே காலில் எதுவும் அவசரப்படவில்லை, ஒன்பதே முக்காலில் எதுவும் மிச்சமில்லை. ஊர் இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கண்டுபிடித்ததை ஒத்துக்கொள்ள ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

குவாரியில் வேட்டுக்கு முன்னால் சங்கு சுற்றுகிற அழகுமலைக்கு மட்டும் அது நெருடியது. ஓணான் இப்படிச் செய்யக்கூடாது என்று அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக மொட்டைப்பாறையின் உச்சியில், இரும்புக் கால் வைத்த, கைப்பிடியைச் சுற்றினால் ஊளையிடுகிற கைச்சங்கின் பக்கத்தில், ஒரு நாளைக்கு மூன்று வேட்டுக்கு இடைப்பட்ட நேரமெல்லாம் உட்கார்ந்தே இருந்தவர் அவர். பார்ப்பதற்கு அங்கே குழியும் ஓணானும்தான் உண்டு. ஓணானுக்கு ஒரு கணக்கு இருந்தது. பொந்து பக்கத்தில் இருந்தால் ஆளை நெருங்க விடும், பொந்து தூரம் என்றால் சீக்கிரமே கிளம்பிவிடும். எதிரே வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்தால், இன்னும் ஒரு அடி வரட்டும், இன்னும் ஒரு அடி வரட்டும் என்று பொறுத்துக்கொண்டே இருக்கும், ஏனென்றால் ஓடினால் இரை போச்சு, ஓடாவிட்டால் உயிர் போச்சு. ஒருமுறை வால் அறுந்தது அதற்குப் பிறகு யாரையும் நம்பாது. நேராக, கண்ணைப் பார்த்து வருகிறவனுக்கு முந்தியே ஓடும். எங்கேயோ பார்த்துக்கொண்டு சாய்வாகப் போகிறவனைக் கைநீட்டும் தூரம்வரை விட்டுவைக்கும். அப்படி வேளைக்கு ஒன்றாக, இடத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருந்த கணக்கை எல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமை ஓணான்கள் கைவிட்டன. பொந்தையும் இரையையும் மறந்து ஆளை மட்டும் பார்த்தன.

ஊர்க்காரர்களுக்கு அந்தப் பழைய கணக்கு தெரியாது. ஆகவே அவர்கள் சங்கடப்படவில்லை. குவாரியில் இருந்து நூறு அடி டேப்பை வாங்கிவந்து வீடு வீடாக அளந்தார்கள். அளந்ததைக் காவி பெயிண்டால் நிலைப்படிக்கு மேலே, கணக்கெடுப்புக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போன நம்பருக்குப் பக்கத்தில் எழுதிவைத்தார்கள். குழந்தைகளுக்கு ஒன்றோ இரண்டோ அடிதான் வந்தது; தொட்டில் பிள்ளைகளின் வயிற்றில் ஓணான்கள் வெயில் காய்ந்தன, தாய்மார்கள் பால் கொடுக்கக் கிட்டே வரும்போது இறங்கி ஓடின. காளியம்மன் கோயில் பூசாரிக்கு இருபத்திரண்டு வந்தது. அவர் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து திரும்ப வந்து நின்றார், அப்போதும் இருபத்திரண்டே வந்தது, அதோடு அவர் கோயில் சுவரில் இருந்த ஓணான்களுக்குத் தண்ணீர் வைப்பதை நிறுத்திவிட்டார். ஊர்த்தலைவர் ரத்தினவேலு பத்தொன்பது அடி ஆள். டேப் நடுவில் தொய்ந்துவிட்டது, தன்னுடையது பதினேழுதான் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். குவாரி மேனேஜருக்கு நாற்பத்தைந்து வந்தபோது, அது தன் பூட்ஸ் சத்தத்துக்கு என்று விளக்கினார், பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார், கல் குத்தி நொண்டிக்கொண்டே வந்தும் நாற்பத்தைந்தாவது அடியில்தான் ஓணான் ஓடியது.

சண்டை வந்தால் புருசனும் பெண்டாட்டியும் அடியைச் சொல்லித்தான் ஏசிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடிப்பதற்கு முன்னால் வேலிப்பக்கம் போய் ஒரு நடை நடந்து காட்டச் சொன்னார்கள். மூக்கையா தன் கடையில், பத்து அடி வரை உள்ளவர்களுக்குத் தையல் சொன்ன நாளில் கிடைக்கும், அதற்கு மேல் உள்ளவர்களுக்கு அவர்கள் குணம் தெரிந்த பிறகு கிடைக்கும் என்று எழுதிப்போட்டார். இப்படி ஒரு மாதத்துக்குள், யார் எப்படிப்பட்டவர் என்று யாரும் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லாமல் போயிற்று.

அழகுமலைக்கு ஒன்றும் வரவில்லை. அவர் நடந்து போனார், ஓணான் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னும் நடந்தார், அது தலையை இரண்டுமுறை ஆட்டியது. கையை நீட்டினார், அது கையில் ஏறியது. ஊரே கூடி நின்று பார்த்தது. அளந்தவர்கள் சைபர் என்று எழுதிக்கொண்டார்கள். அதிலிருந்து அவருக்குச் சைபர் மாமா என்று பேர் வந்தது. வயசுக்கு வந்த பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் இருந்து புது மோட்டாருக்குச் சுவிட்ச் போடுவது வரை எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிட்டார்கள். ஓணானின் பக்கத்தில் டேப்பின் சைபர் முனையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கு அவரை விட்டால் ஆள் கிடையாது, மற்றவர் யார் போனாலும் அது ஓடிவிடும். ஆகவே ஊரில் எந்த அளவையும் அவர் இல்லாமல் நடக்கவில்லை. சிவப்புக் கழுத்து ஓணான் ஒன்று அவர் தோள் துண்டிலேயே குடிவந்துவிட்டது. அவர் பெண்டாட்டி குருவம்மாள் பதினோரு அடிக்காரி. சோறு போட அவள் கிட்டே வந்தால் அது துண்டை விட்டுக் குதித்து ஓடும், தட்டை வைத்துவிட்டு அவள் தள்ளிப்போனால் திரும்ப ஏறும். முதலில் சிரித்தாள். பிறகு ஒருநாள் தட்டை வைத்துவிட்டு, பதினோரு அடிக்கு அப்பால் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"முப்பது வருசமா நான் சொன்னதத்தான் அதுவும் சொல்லுது. உங்களால ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் இல்ல. ஒரு பிரயோசனமும் இல்ல."

அழகுமலை அன்று சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அதற்கு முன்பே அவருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காமல் போயிருந்தது. விடிந்ததும் எழுந்து கண்மாய்க் கரையில் நடப்பார், திரும்பி வருவார், திரும்பவும் நடப்பார். எதிரே ஓணானைக் கண்டால் நின்று, இந்தா ஓடு, இப்போதாவது ஓடு என்று மனதுக்குள் சொல்வார். ஒருமுறை கல்லை எடுத்து அதன் பக்கத்தில் எறிந்துகூடப் பார்த்தார். ஓணான் கல்லைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, கண்ணை மூடிக்கொண்டது. இன்னொரு நாள், தனக்குத் தெரிந்தவற்றிலேயே மோசமானதை நினைத்துக்கொண்டு அதன் முன்னால் போய்க் குந்தினார். அவர் நினைத்தது ஒச்சுவை.

ஒச்சு இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஜல்லிக்குப் பாறை பிளக்கிற ஆட்களில் அவன் கெட்டிக்காரன், வாயாடி. முன்பெல்லாம் குவாரியில் ஒரு வேட்டுக்கு மூன்று சங்கு உண்டு. முதல் சங்குக்கு வேலையை நிறுத்த வேண்டும். இரண்டாவது சங்குக்கு மேலே ஏறிப் பதுங்குச் சுவருக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். அதற்கும் மூன்றாவது சங்குக்கும் நடுவே பதினைந்து நிமிடம் இருந்தது, அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் ஆட்கள் விட்டுவந்த வாளி, துண்டு, செருப்பு எல்லாவற்றையும் நிதானமாகப் போய் எடுத்துவந்தார்கள், அழகுமலை தலையை எண்ணினார். பதினைந்து நிமிடத்தில் இரண்டு லோடு போய்விடும் என்று புதிதாக வந்த மேனேஜர் நடுச்சங்கை எடுத்துவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அழகுமலையும் சொல்லவில்லை. கடைசிச் சங்கு முடிந்து மூன்று நிமிடம் கழித்து, தகரக் கொட்டகைக்குள் இருக்கிறவன் சுவிட்சைப் போடுவான். அவனுக்கு அங்கிருந்து குழி தெரியாது. சங்குக்காரர் கண்தான் அவனுக்குக் கண். ஏதாவது கோளாறு என்றால் சங்கை நிறுத்தி நிறுத்திச் சுற்ற வேண்டும், அவன் கையை எடுத்துவிடுவான்.

அன்று கடைசிச் சங்கு சுற்றி முடித்து, கைப்பிடி இன்னும் கையில் இருக்கும்போது, ஒச்சு சுவருக்குப் பின்னால் இருந்து வெளியே வந்து குழிக்குள் இறங்கிப் போவதை அழகுமலை பார்த்தார். போய் ஒரு தூக்குவாளியை எடுத்தான். அழகுமலை கணக்குப் போட்டார். போக நாற்பது காலடி, வர நாற்பது காலடி, பக்கத்தில் பாறை ஒதுக்கு ஒன்று இருக்கிறது, அவன் கால் வேகமானது, மூன்று நிமிடத்தில் ஒன்றரைதான் போயிருக்கிறது, வந்துவிடுவான். நிறுத்துச் சங்கு கொடுத்தால் மேனேஜர் மேலே ஏறிவந்து கத்துவார். வந்துவிடுவான். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும் என்பது தெரிந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவர் காலடியில் இருந்த ஓணான் ஒன்று அப்போது ஓடியது. இது ஏன் ஓடுகிறது என்று அதைப் பார்த்தது அவருக்கு நினைவிருக்கிறது. ஒச்சு சுவருக்கு வர இன்னும் ஏழு காலடி இருக்கும்போது வேட்டு வெடித்தது.

விசாரணைக்கு வந்தவர்களிடம் எல்லாரும் மூன்று சங்கு கேட்டது என்றார்கள். குவாரி மூடிவிடக்கூடாதே என்று சொன்னார்கள். அழகுமலை பார்த்தது யாருக்கும் தெரியாது.

இதை நினைத்துக்கொண்டுதான் அவர் ஓணானின் முன்னால் குந்தியிருந்தார். அது அவர் கட்டைவிரலில் ஏறி உட்கார்ந்து வெயில் காய்ந்தது.

ஒச்சுவின் பெண்டாட்டி பவுனுத்தாய்க்கு முதல் அளவையிலேயே முப்பத்தொன்று வந்தது. ஒச்சு இறந்த அன்று காய்ச்சலில் படுத்துவிட்டதால் அவள் வேலைக்கு வந்திருக்கவில்லை. காரியம் முடிந்து திரும்ப ஜல்லி அள்ள வந்தபோது, புடவைக்கு மேலே ஒச்சுவின் சட்டையைப் போட்டிருந்தாள். வந்த நாளில் இருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்: அன்னைக்கு எத்தனை சங்கு ஊதுச்சு. வேலைக்கு நடுவிலும் கேட்டாள், குழாயடியிலும் கேட்டாள், கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரே உட்கார்ந்தவரிடமும் கேட்டாள். நடுச்சங்கு நின்றுபோனது அவளுக்கும் தெரியும், அதை அவர்கள் வாயால் கேட்க வேண்டியிருந்தது. அழவும் இல்லை, ஏசவும் இல்லை. நேராக வந்து, நேராகப் பார்த்து, கேட்டுவிட்டு நின்றாள். மூன்று என்று சொன்னவர்கள் அவள் போன பிறகும் வெகுநேரம் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி அளந்தபோது அவளுக்கு நாற்பதானது, அடுத்த வாரம் நாற்பத்தொன்பதானது, அதற்கடுத்த வாரம் ஐம்பத்தெட்டானது. ஊருக்கு அப்பாடா என்று இருந்தது. அவளைக் கண்டால் தங்களுக்கு ஏன் நடுங்குகிறது என்பதற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஓணானே ஓடுகிறது, மனுசன் என்ன செய்வான்.

அறுபது அடிக்கு மேல் போகிறவர்கள் ஊர் எல்லைக் கல்லுக்கு வெளியே, பழைய கிரஷர் கொட்டகையில்தான் குடியிருக்க வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. அதுவரை அறுபதை எட்டியவர்கள் யாரும் கிடையாது. எட்டப்போகிறவள் யாரென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கொட்டகையில் தகரமும் பாதிதான் இருந்தது, தண்ணீர் கிடையாது, பவுனுத்தாய்க்குப் பத்தாவது படிக்கிற மகள் இருந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, குவாரி எடைமேடைக்குப் பக்கத்தில் அளவை என்று தண்டோரா போட்டார்கள். சைபர் முனையைப் பிடிக்க வேண்டியவர் அழகுமலை.

சனிக்கிழமை காலையில் அவர் அவள் வீட்டுக்குப் போனார். வாசலில் உலர்ந்த மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள், வாங்கண்ணே என்று முறத்தைத் தள்ளிவைத்தாள். அவர் தோளில் இருந்த ஓணான் அவளைப் பார்த்ததும் கீழே குதித்துத் தெருக்கோடிக்கு ஓடிவிட்டது. உட்காராமலே அவர் சொல்ல வந்ததைச் சொன்னார். ஓணானிடம் ஒரு சூட்சுமம் இருக்கிறது, நேரே வந்தால் அது பயப்படும், கண்ணைப் பார்த்தால் பயப்படும். நாளைக்கு நடக்கும்போது சாய்வாக, வாய்க்காலுக்குப் போகிறவள் மாதிரி, தரையைப் பார்த்து நடந்தால் பத்து அடியாவது குறையும். தான் அப்படித்தான் நடக்கிறோம் என்பது சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. ஆனாலும் சொல்லி முடித்தார்.

"நான் யாரையும் பிடிக்க வரலண்ணே," என்றாள் பவுனுத்தாய். "கேக்கத்தான் வாறேன். அதுக்கு எதுக்குத் தரையப் பாக்கணும்?"

"கொட்டகையில பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படி இருப்ப தாயி?"

"அத விடுங்க. எல்லாருகிட்டயும் கேட்டேன், உங்ககிட்ட மட்டும் கேக்கல. சங்கு சுத்துனவரு மறைக்க மாட்டாருன்னு கடைசிக்கு வச்சிருந்தேன். அன்னைக்கு எத்தனை?"

"மூணு," என்றார் அழகுமலை.

அவள் தலையை ஆட்டினாள். முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தெருக்கோடியில் அவருக்காகக் காத்திருந்த ஓணான், அவர் அங்கே போனதும் வேட்டியைப் பிடித்து மேலே ஏறித் துண்டுக்குள் தன் பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. பொய் சொன்ன வாய்க்கும் அதன் வாலுக்கும் நான்கு விரற்கடைதான் இருந்தது. அது அசையவே இல்லை. அழகுமலை நடுத்தெருவில் நின்றுவிட்டார். இதற்குப் பொய்யும் பொருட்டில்லை, நடந்து முடிந்ததும் பொருட்டில்லை என்று அப்போது அவருக்குப் புரிந்தது. எதிரே இருக்கிறவன் இனி ஒரு அடி எடுத்து வைப்பானா என்று ஒன்றைத்தான் அது பார்க்கிறது. இந்த ஆள் எடுத்து வைக்கமாட்டான் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இருபத்தாறு வருடம் தன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஜீவன் அல்லவா.

அன்று முழுக்க அவர் நடந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் நடந்தார். நான்கு மணிக்கு எடைமேடைக்குப் போனபோது கால் இரண்டும் வீங்கியிருந்தது.

எடைமேடையின் ஓரத்தில் நட்டிருந்த கல்தூணில் பெரிய ஓணான் ஒன்று உட்கார்ந்திருந்தது. அழகுமலை அதன் அருகே குந்தி, டேப்பின் சைபர் முனையைத் தூணோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுமுனையை ரத்தினவேலு நூறாவது அடியில் பிடித்திருந்தார். அங்கே கட்டிய கயிற்றுக்குப் பின்னால் ஊர் முழுவதும் நின்றது, குருவம்மாள் நின்றாள், வெள்ளைக் குடை பிடித்து மேனேஜர் நின்றார். பவுனுத்தாய் மகளின் கையை விட்டுவிட்டுக் கயிற்றுக்கு முன்னால் வந்தாள். ஒச்சுவின் சட்டையைத்தான் போட்டிருந்தாள், முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். நட என்று ரத்தினவேலு சொல்வதற்காகக் காத்து நின்றாள். ஆனால் ஓணானைப் பார்க்கவில்லை. நூறு அடிக்கு அப்பால் இருந்து அழகுமலையைப் பார்த்தாள்.

அவருக்குத் தன் கை டேப்பில் இருப்பது தெரிந்தது. இப்படித்தான் அன்றைக்கும் ஒரு கைப்பிடியில் இருந்தது. இப்போதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்: அவள் நடப்பாள், அறுபத்திரண்டோ அறுபத்தைந்தோ வரும், தான் வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டாம், டேப் சொல்லிவிடும், தான் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும் போதும். மட்டும் போதும். சொல்லிவிடுவது என்று நினைத்தார்.

நினைத்ததுதான் தாமதம், தூணில் இருந்த ஓணான் ஒரு கண்ணை அவர் பக்கம் திருப்பியது. கழுத்துச் சிவப்பு வடிந்து மண் நிறமானது. அது தூணைச் சுற்றி இறங்கி, எடைமேடை இரும்பின் மேல் தடதடவென்று ஓடி, ஜல்லிக் குவியலுக்குள் போய் மறைந்தது. அவர் தோளில் இருந்ததும் துண்டோடு சேர்ந்து கீழே விழுந்து, துண்டை உதறிவிட்டு எதிர்ப்பக்கமாக ஓடியது. தோள் திடீரென்று லேசானதில் அவர் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

"நூறு," என்றார் ரத்தினவேலு, டேப்பைப் பார்த்து. கயிற்றுக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்புக் கிளம்பி நீண்டது.

"தலைவரே, அவ இன்னும் காலே எடுக்கலயே," என்றார் மூக்கையா.

"நின்ன எடத்துலருந்தே நூறுன்னா, நடந்தா எவ்வளவுன்னு பாத்துக்கய்யா."

அழகுமலை எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. "அது அவளுக்கு ஓடல," என்றார். "எனக்கு ஓடுச்சு." அவர் குரல் அத்தனை தூரம் போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவர்கள் கேட்டதெல்லாம் அவருடைய சங்கைத்தான். "தாயி, அன்னைக்கு ரெண்டு சங்கு. எப்பவும் ரெண்டுதான். அது இங்க நிக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரிஞ்சது இன்னொண்ணு இருக்கு. அவன் திரும்பி உள்ள போறத நான் பாத்தேன். சங்கு என் கையில இருந்துச்சு. நான் சுத்தல."

கயிற்றுக்குப் பின்னால் நின்றவர்களின் கால்கள் பின்னால் போனதை அழகுமலை பார்த்தார். ஆளுக்கு ஓர் அடி, பிறகு இன்னோர் அடி, பிள்ளைகளைத் தோளில் வைத்திருந்தவர்கள் சற்று முந்தி, வயதானவர்கள் சற்றுப் பிந்தி. பொந்து எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடிக்கொண்டே போனார்கள். மேனேஜரின் குடை முதலிலேயே போய்விட்டிருந்தது. குருவம்மாள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தாள். மூக்கையாதான் முதலில், ரெண்டுதான் தாயி என்றார். அதற்குப் பிறகு இங்கொருவரும் அங்கொருவருமாக, தரையைப் பார்த்துக்கொண்டு, ரெண்டு, ரெண்டுதான் என்று சொன்னார்கள். எடையாளர் சொன்னார், பூசாரி சொன்னார். கடைசியில் ரத்தினவேலுவும் சொன்னார். பவுனுத்தாய் எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாளில் இருந்து ஓணான்கள் அவருக்குக் கண்மதிப்பாக நாற்பதாவது அடியிலேயே ஓடின. அவர் தெருவில் நடந்தால் முன்னால் வேலி சலசலத்துக்கொண்டே போனது. குருவம்மாள் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், ஓட அங்கே ஒன்றும் இல்லை. ஊரில் சைபர் முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. தூங்குகிற கைக்குழந்தையின் விரலில் டேப்பைச் சுற்றிப் பார்த்தார்கள். தாய் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏசினாள். அளக்க முடியாத ஊரில் அடி யாருக்கு ஏறியது யாருக்கு இறங்கியது என்று தெரியவில்லை. ஆடிக் காற்றில் நிலைப்படிக் காவி உரிந்தது. ஆளை ஆள் மறுபடியும் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அழகுமலை பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு விசாரணைக்காரர்களிடம் கொடுத்தார், கூப்பிடும்போது வரச் சொன்னார்கள். குவாரி பதினோரு நாள் நின்றது. மூன்று சங்கு இல்லாமல் குழிக்குள் இறங்கமாட்டோம் என்று ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் அதற்கு இறங்கிவந்தார், ஆனால் சங்குக்கு வேறு ஆள் வைக்கப்போவதாகச் சொன்னார். சுவிட்ச் போடுகிறவன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பார்த்துச் சொன்னால்தான் நான் தொடுவேன், பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று அவரை விடத் தெரிந்தவர் யார் என்று கேட்டான்.

பன்னிரண்டாவது நாள் காலையில் அழகுமலை மொட்டைப்பாறையில் ஏறியபோது உச்சியில் ஒரு ஓணான்கூட இல்லை. முதல் சங்கைச் சுற்றினார். கடப்பாரைச் சத்தம் நின்றது. நடுச்சங்கைச் சுற்றினார். இரண்டு வருடமாகக் கேட்காத அந்தச் சங்குக்கு ஆட்கள் மேலே நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு வாளியையும் துண்டையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு, பேசிக்கொண்டே, சிலர் வெற்றிலை போட்டுக்கொண்டே சுவருக்குப் பின்னால் போனார்கள். அவர் எண்ணினார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது இருக்க வேண்டும். திரும்ப எண்ணினார். பிறகு குழியைப் பார்த்தார்.

பவுனுத்தாய் வெறுங்குழிக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள். சுவருக்குப் போகவில்லை. பாறையைப் பார்த்து, அவரைப் பார்த்து, நேராக வந்தாள். இருநூறு அடி இருக்கும். ஏற்றத்தில் கால் வைத்தாள், நூறு ஆனது. அழகுமலை வழி தேடினார். பின்பக்கம் செங்குத்தான இறக்கம், வலப்பக்கம் முள், இடப்பக்கம் அவள் வருகிற ஒற்றையடிப்பாதை. அறுபது. அவர் சாய்வாகத் திரும்பப் பார்த்தார், தரையைப் பார்க்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்பது. அவள் கை இரண்டும் வெறுங்கைதான், ஆனாலும் ஓட வேண்டும் போலிருந்தது. இருபது. பத்து. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கைநீட்டும் தூரத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"அண்ணே, அவரு வாளிய எடுத்தாரா?"

"எடுத்தாரு தாயி."

"கையிலதான் இருந்துச்சா கடைசிவரைக்கும்?"

"கையிலதான் இருந்துச்சு. வாற வழியில நின்னு மூடியத் தெறந்து பாத்தாரு. அதுலதான் கொஞ்சம் பிந்துச்சு."

"பாத்துட்டு?"

"சிரிச்ச மாதிரி இருந்துச்சு. இங்கருந்து சரியாத் தெரியாது."

அவள் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டையின் மடிப்பை இறக்கி மணிக்கட்டுவரை விட்டுக்கொண்டாள்.

"மொச்சக்கொட்டக் கொழம்பு," என்றாள். "காச்சலோட வச்சது. உப்புப் போட்டனா இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் இல்ல."

பிறகு அவள் சங்கின் பின்னால், பாறை முதுகுக்குக் கீழே அவர் ஒதுங்குகிற பள்ளத்தில் இறங்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊதுங்கண்ணே என்றாள். அழகுமலை மறுபடியும் எண்ணினார். சுவருக்குப் பின்னால் முப்பத்தெட்டு, இங்கே ஒன்று. மூன்றாவது சங்கைச் சுற்றினார். சத்தம் குழியைச் சுற்றி வந்து அடங்கியது. ஒதுங்க வேண்டிய நேரத்தில் அவர் ஒதுங்கவில்லை. பாறை ஒதுக்கு, படி, வண்டித்தடம், திரும்பவும் பாறை ஒதுக்கு என்று கண்ணை நகர்த்திக்கொண்டே, மூன்று நிமிடமும் கைப்பிடியை விடாமல் நின்றார்.